ஓங்கலின் பாக்கிக் கணக்கு

டால்ஃபினை நம் கடலோரக்காரர்கள் 'ஓங்கல்' என்பார்கள். நமக்கு அது டி.வி.யில் பந்து விளையாடும் பிராணி. காசிமேட்டுக்காரருக்குத் தொழில் பார்ட்னர்.

''ஓங்கல் சுத்துதுன்னா அடியில மீன் கீதுன்னு அர்த்தம் சார். அதுவே வர்லைன்னா நாங்க போயி இன்னாத்த வார்றது?'' என்றார், வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்.

அவர் சொன்னது மீன் கணக்கு. இன்னொரு கணக்கு ஓங்கலின் தோலுக்கு அடியில் இருக்கிறது. பார்க்கத்தான் மீன் மாதிரி. நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும். டி.டி.டி., பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பி.சி.பி. மாதிரி நஞ்சுகள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டால் சுலபத்தில் போகாது. சின்ன மீன், பெரிய மீன், அப்புறம் ஓங்கல் என்று படிக்குப் படி ஏறும். பி.காம். படித்த புத்திக்கு இது நன்றாகப் புரிகிறது. தள்ளுபடியே ஆகாத பாக்கி, பக்கம் பக்கமாகக் கொண்டுபோகப்படுகிறது! தாய்க்கு மட்டும் ஒரு வடிகால் உண்டு: பால். தலைச்சன் குட்டிதான் அதிகம் வாங்கிக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏதோ ஜப்பான், அமெரிக்கா சமாசாரம் என்று நினைக்காதீர்கள். தென்னிந்திய வங்கக் கடல் ஓங்கல்களின் உடலில் இந்த நஞ்சுகள் இருப்பதை 1993-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

எண்ணூருக்கு எண்ணெய்க் கணக்கு தனி. 2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது. கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. வீடுகளுக்குள்ளும் எண்ணெய்.

எண்ணெய் மேலே மிதக்கும். ஓங்கல் மூச்சுக்கு மேலேதான் வந்தாக வேண்டும். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த மறு வருஷம், லூசியானாவில் ஓங்கல்களைப் பிடித்து, ரத்தம் எடுத்து, ஸ்கேன் பண்ணி, திரும்பக் கடலில் விட்டார்கள். பலவற்றுக்கு நுரையீரல் நோய். ஓங்கலுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

எண்ணூரில் படகில் போய் எண்ணெய் அள்ளியவர்கள் மீனவர்கள். நாள் முழுக்க அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் மூச்சு விட்டார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களில் ஒருவர் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முதலில் கேட்கப்போவது, ''பீடி பிடிப்பீங்களா?''