உருவத்தின் உட்புறம்

இரண்டு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். வெண்பாவில் இன்றைய விஷயங்களைச் சொல்கிறவர் அவர். 'தாத்தாவின் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற பையன்' என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. பலரும் ரசித்த வாக்கியம். அவர் பதில் எழுதவில்லை. போன டிசம்பரில் எல்.எஃப்.சி.யில் அவர் வேலை பார்க்கும் கொல்கத்தாவுக்குப் போனபோது, ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மதிப்புரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சௌரிங்கியில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப் போனார்.

1963 ஜூலை 2இல் நேரு திறந்துவைத்த கட்டடம். ஒற்றைத் தளம், வட்டம், மேலே வெள்ளைக் குவிமாடம். மாதிரி, சாஞ்சி ஸ்தூபம். பக்கத்தில் செயின்ட் பால் கதீட்ரலின் கோதிக். சற்றுத் தள்ளி விக்டோரியா நினைவகத்தின் பளிங்கு. மூன்றுமே வேறொரு காலத்தின் உடையில் நிற்பவை. என் வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

கோளரங்கத்துக்கென்று ஓர் உருவம் ஜெர்மனியில் ஏற்கெனவே பிறந்திருந்தது. முனிச் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்துக்காக, ஸைஸ் கம்பெனியின் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் நட்சத்திரங்களைக் கூரையில் வீழ்த்திக் காட்டும் கருவியை உருவாக்கினார். 1923இல் அது முதலில் காட்டப்பட்டது. அதைச் சோதித்துப் பார்க்க, ஜேனாவில் தொழிற்சாலைக் கட்டடத்தின் உச்சியிலேயே 16 மீட்டர் விட்டத்தில் ஓர் அரைக்கோளம் எழுப்ப வேண்டியிருந்தது. அது கனமாக இருக்கக் கூடாது. இரும்புக் கம்பிகளை முக்கோணங்களாகப் பின்னி, அதன்மேல் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சினார்கள். விகிதத்தில் முட்டை ஓட்டைவிட மெல்லிய கூடு. தேவையே பெற்றெடுத்த உருவம். நவீனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதன்மேல் சாஞ்சியை எதற்குப் போர்த்த வேண்டும்? அதுவும், சாஞ்சியின் பெரிய ஸ்தூபத்துக்கு உட்புறமே கிடையாது. அசோகன் காலத்துச் செங்கல் மேட்டைப் பின்னால் வந்தவர்கள் கல்லால் மூடிப் பெரிதாக்கினார்கள். யாரும் உள்ளே போவதில்லை, சுற்றி வருகிறார்கள். உள்ளே போவதற்காகவே கட்டுகிற ஒன்றுக்கு அந்த உருவம் எப்படிப் பொருந்தும்? வாசலில் நின்றபடியே இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன்.

"டிக்கெட் வாங்கியாச்சு, உள்ளே வாங்க" என்றார்.

2015இல் மூடிப் புதுக்கருவி பொருத்தி 2017இல் மறுபடி திறந்த அரங்கம். புதுக்கருவியும் ஸைஸ்தான். விளக்குகள் மெல்லத் தணிந்தன. கூரை இல்லாமல் போயிற்று. பிறகு வானம் நகர ஆரம்பித்தது. ஒரு முழு இரவு சில நிமிஷங்களில் கடந்துபோயிற்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றுவது நான்தான் என்று உடம்பு நம்பிற்று. சாஞ்சியில் அசையாத மேட்டை மனிதர்கள் வலம் வருகிறார்கள். இங்கே மனிதர்கள் அசையாமல் உட்கார, வானம் அவர்களை வலம் வருகிறது. ஸ்தூபத்தின் அந்தக் குவிந்த பகுதிக்குப் பெயர் அண்டம். முட்டையும் அண்டம், பிரபஞ்சமும் அண்டம். எனக்குத் தெரிந்த வார்த்தைதான். அதன் அர்த்தம் உறைக்க இருட்டில் உட்கார வேண்டியிருந்தது.

கட்டடத்தை முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. உச்சியில் இருக்கிற வேலைப்பாடு வெறும் அலங்காரம்தான் என்று இப்போதும் எனக்குப் படுகிறது. ஆனால் மதிப்புரையில் நான் செய்தது என்ன என்று தெரிந்துபோயிற்று. கவுண்டரில் ஸ்பெசிமனோடு கையெழுத்தை ஒப்பிட்டு, ஒத்துப்போகாத செக்கைத் திருப்பிக் கொடுப்பது என் உத்தியோகம். கவிதையிடமும் அதையேதான் செய்திருக்கிறேன். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஊர் திரும்பித் தொகுதியை மறுபடி படித்தேன். பாதிக்கு மேல் இன்னமும் தாத்தாவின் கோட்டுதான். ஆனால் அவருடைய அம்மாவின் மரணம் பற்றிய ஐந்து வெண்பாக்கள் அப்படியல்ல. நான்கு சீர்களாக நடந்து வருகிற வரி, கடைசியில் மூன்று சீரோடு நின்றுவிடுகிறது. அடுத்த அடி வைக்க இடமில்லை. அந்தக் குறைக்காகவே அவருக்கு வெண்பா வேண்டியிருந்திருக்கிறது. இலக்கணத்தில் நான் பரீட்சைக்குப் படித்த விதிதான் அது.

இதை அவருக்குக் கடிதமாக எழுதியிருக்கலாம். மதிப்புரை அச்சில் வந்தது. இதுவும் அச்சிலேயே வரட்டும்.