ஆயாவின் சேலையில் ஒரு மலை

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, செம்மேட்டில் இறங்கி மூச்சு வாங்குவார்கள். அறப்பளீசுவரரைக் கும்பிடுவார்கள், ஆகாய கங்கையில் நனைவார்கள், வாசலூர்பட்டிக்கு வந்து படகில் ஒரு சுற்றுப் போவார்கள், இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வாசலூர்பட்டி என்றால் படகு இல்லம். எனக்கு அது பாவாடை கட்டித் திரிந்த ஊர். துணியும் மண்ணும் தவிடும் நூலும் சேர்த்து இன்று நான் செய்கிற படங்களுக்கெல்லாம் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

ஓவியக் கல்லூரியில் இந்த முறையை மிக்ஸட் மீடியா என்பார்கள். ஒரே பரப்பில் வண்ணத்தோடு துணி, காகிதம், மரப்பட்டை, விதை என்று பலவற்றைச் சேர்த்து ஒட்டலாம், தைக்கலாம், தீய்க்கலாம். அந்தப் பாடத்தைக் கேட்டபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரும் தரையும் போர்வையும் அப்படித்தான் உருவாயின.

மூங்கில் தட்டியின் இரண்டு பக்கமும் மண் அப்பிய சுவர், மேலே புல் கூரை, கீழே சாணம் மெழுகிய தரை. வெள்ளிக்கிழமை மெழுகுவது என் வேலை. செம்மண்ணும் சாணமும் என் பாட்டியான ஆயா பதமாகக் கரைத்துக் கொடுக்கும். கை எட்டிய மட்டும் நீட்டி, அரைவட்டமாக இழுத்து, குந்தியபடியே பின்னால் நகர வேண்டும். காய்ந்த பிறகு தரை முழுக்க விரல் ஓடிய வளைவுகள் தெரியும். ஆயா மெழுகிய வளைவு பெரியது, நான் மெழுகியது சின்னது. எந்த இடத்தை யார் மெழுகினார்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். இப்போது தரையில் துணியை விரித்துச் செம்மண் குழம்பில் கையை வைக்கும்போது அந்த இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்து இழுக்கிறேன். பெரிய வளைவு தானாக வருகிறது. சின்ன வளைவுக்குத் தோளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டியிருக்கிறது. சிறுமியாக இருந்த என் உடம்பு எவ்வளவு சிறியது என்பதை அந்த ஒரு அசைவு எனக்குச் சொல்கிறது.

காப்பித் தோட்டத்து ஓடையோரம் ஒரு பெரணி வளரும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். புறங்கையில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தால் இலை அப்படியே வெள்ளையாகத் தோலில் விழும். பள்ளிக்கூடம் போகிற வழியில் பெண்பிள்ளைகள் எல்லோரும் அதைப் பதித்துக்கொள்வோம். யார் கையில் கிழியாமல் முழு இலையும் விழுந்திருக்கிறதோ அவளுக்கு அன்று முழுக்க மரியாதை. மிளகுக் கொடி படரவென்று நட்ட சில்வர் ஓக் மரங்களின் இலைக்கும் அடிப்பக்கம் வெள்ளி நிறம். அதை ஈர்க்குச்சியால் கோத்துக் கிரீடம் செய்வோம். குன்றிமணி கோத்த மாலை கழுத்துக்கு. மண்ணில் பிடித்து அடுப்புச் சாம்பலில் சுட்ட சொப்புகள் குடித்தனத்துக்கு. கோடை மழை பெய்து காப்பி பூக்கும் நாட்களில் மலையே வெள்ளையாகி மணக்கும். அப்போது எங்கள் சொப்புச் சோறெல்லாம் காப்பிப் பூதான். அச்செடுத்தல், கோத்தல், வனைதல் என்று கல்லூரியில் தனித்தனி வகுப்பாக நான் படித்தவற்றை அந்தப் பிள்ளைகள் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்தார்கள்.

மார்கழியிலும் தையிலும் எங்கள் ஊர்க் குளிர் எலும்பில் இறங்கும். அதற்காக ஆயா பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளநீளமாகத் தையல் ஓட்டிப் போர்வை செய்யும். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான்.

"ஆயா, இந்தப் பச்சைச் சேலை எப்ப எடுத்தது?"

"உங்கம்மா பொறந்தப்ப எடுத்தது கண்ணு. நஞ்சு போச்சு. இருந்தா என்ன, குளுருக்கு ஆவும்."

கட்டி நைந்தது, பிள்ளைக்குத் தொட்டிலாகக் கட்டியது, சுமை தூக்கச் சும்மாடாகச் சுருட்டியது என்று அந்தப் போர்வையில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு வேலை இருந்தது. ஆயா போன பிறகு அந்தப் போர்வை என்னிடம் வந்தது. என் படங்களின் அடித்துணி இன்றும் அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான். ஆயாவின் தையல் தடம் இருக்கிற இடத்தில் நான் வண்ணம் பூசுவதில்லை.

சிறுமிப் பருவத்தைத் துணியில் தேடிய பெண்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். 1911இல் பாரிஸில் பிறந்த லூயிஸ் பூர்ஷ்வாவின் வீட்டில் பழைய திரைச்சீலை ஓவியங்களைச் செப்பனிடும் தொழில் நடந்தது. நைந்துபோன பகுதிகளில் மீண்டும் நெய்ய வேண்டிய உருவங்களைச் சிறுமியான அவர் வரைந்து கொடுத்தார். பின்னாளில் புகழ்பெற்ற சிற்பியாகி, 90 வயதை ஒட்டி, வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழந்துணிகளை வெட்டித் தைத்து 2002இல் ஒரு துணிப் புத்தகமே செய்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட், உடை வடிவமைப்பாளரான தன் தாயிடம் தையல் கற்றவர். மொட்டை மாடியில் படுத்திருக்கும் ஒரு சிறுமி நகரத்துக்கு மேலே பறப்பதாக 1988இல் அவர் செய்த 'டார் பீச்', வண்ணம் தீட்டிய கான்வாஸின் ஓரங்களில் துணி தைத்துச் செய்த போர்வை ஓவியம். நமக்கு இன்னும் நெருக்கமாக, இலங்கை மலையகத்தில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேநீர் வடிகட்டியையும் கொண்டு தோட்டத்துப் பெண்களின் பாடுகளைப் படமாக்கினார். இவர்கள் யாரும் குழந்தைப் பருவத்தை அழகு காட்டுவதற்காக எடுத்து வைக்கவில்லை. வீட்டுப் பெண்களின் கைவேலை எந்தப் பொருளில் நடந்ததோ, அதே பொருளில் அவர்களுக்குச் சாட்சி சொன்னார்கள். நான் செய்ய விரும்புவதும் அதைத்தான்.

என் படங்களில் சாமைத் தவிடு நிறைய இருக்கும். மேட்டுக்காட்டில் சாமை, கேழ்வரகு, தினை, பள்ளத்து வயலில் நெல் என்பது கொல்லிமலையின் பழைய ஒழுங்கு. சாமையிலேயே வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று வகை வகையாக விதைத்தார்கள். அறுத்துத் தொம்பையில் கொட்டி வைத்ததை அன்றன்றைக்கு எடுத்து உரலில் குத்த வேண்டும். பொழுது விடிவதற்கு முன் உலக்கைச் சத்தம் கேட்கும். குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோறு. தவிடு பறந்து ஆயாவின் புருவம் வெளுத்திருக்கும். உள்ளங்கை காய்த்துப்போய், என் கன்னத்தைத் தடவினால் சுரசுரவென்றிருக்கும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போனது, கையில் காசு புழங்கியது. சாமைக்காடுகள் சுருங்கின. குத்துகிற பாடு தாங்காமலும் பெண்கள் சாமையை விட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகமும் கல்லூரிக் கட்டணமும் கிழங்கு விற்ற காசில் வந்தவைதான். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலையில் விதைகளைக் காக்கவும், சாமை அரைக்கும் எந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் சேர்க்கவும் வேலை செய்தது. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், ஆயா சோறாக்கிய சாமை பட்டணத்துக் கடைகளில் பளபளக்கும் பையில் உட்கார்ந்திருந்தது. விதைக்கு மதிப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. குத்திய கைகளைப் பற்றி அந்தப் பையில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் என் வருத்தம். அதனால்தான் தவிட்டைப் பசையில் குழைத்து, ஆயாவின் கை அளவுக்கு வட்டமாகப் பூசி, நடுவில் ரேகைகளைக் கீறுகிறேன்.

இன்னொரு வரிசைப் படங்களுக்குப் பாண்டிக் கட்டம்தான் அடிப்படை. நாங்கள் ஓட்டுச் சில்லை எறிந்து நொண்டியடித்த கட்டங்களைக் கரியால் கோடிழுத்து, சில கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறேன். என்னோடு ஆடிய பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனார்கள். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. நடந்து போகிற தூரம்தான், ஆனாலும் அவர்கள் மறுபடி பாண்டி ஆட வரவில்லை. அடுத்த தடவை பார்த்தபோது ஒருத்தியின் இடுப்பில் பிள்ளை இருந்தது. பெண்ணின் திருமண வயது 18 என்பது அப்போதும் சட்டம்தான். சிறுமிப் பருவத்தைப் பற்றி இனிமையாக மட்டும் பேசினால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். வளையல் துண்டுகளையும் ரிப்பன்களையும் அந்த வெற்றுக் கட்டங்களின் ஓரத்தில் மட்டும் தைக்கிறேன். உள்ளே எதையும் வைப்பதில்லை.

புல் கூரை வீடுகள் குறைந்துவிட்டன. சிமெண்டுத் தரையை மெழுக வேண்டியதில்லை. கான்கிரீட் வீடு மழைக்கு ஒழுகாது, அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் செம்மண் குழைக்கும் பதம், பழஞ்சேலை அடுக்கும் முறை, எந்த ஓடையில் எந்தப் பெரணி என்கிற அறிவு ஆகியவை எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் நம் ஆயாக்களின் கையில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் போனால் கூடவே போய்விடும்.

மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளின் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இது. ஓவிய வகுப்பில் வண்ணப் பென்சிலோடு செம்மண்ணும் தவிடும் பழந்துணியும் கொடுங்கள். மாதம் ஒரு நாள் ஊர்ப் பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளின் முன்னால் அவரை ஆசிரியராக உட்கார வையுங்கள். பெண்பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் வைத்திருங்கள். இதைப் படிக்கும் பெண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஆயா, அம்மாயி, அப்பத்தா யாராவது உயிரோடிருந்தால் அடுத்த விடுமுறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பழைய சேலை ஒன்றை எடுத்து அது எந்த வருடத்துச் சேலை என்று கேளுங்கள். சொல்வதை அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.