இரு சில்லுகள்

குயவனின் சக்கரத்தைச் சற்று நேரம் நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கோலினால் அவன் அதனைச் சுழற்றுவது சில கணங்களே. பின்னர் மண் உருப்பெறும் வரையில் அதனைச் சுழலவைப்பது அதன் பாரமே. பாரமற்ற சக்கரம் எளிதிற் சுழலத் தொடங்கும். விரல் பட்ட மாத்திரத்தே நின்றும்விடும். மோட்டார்க் காரின் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் இடையே பூட்டப்பெற்றுள்ள பறப்புச்சில்லு புரியும் தொழிலும் இதுவேயாகும். நான்கடிப்பு எஞ்சினில் ஓர் உருளை இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறையே வலுவைத் தருகின்றது. உருளைகள் நான்கும் முறைவைத்து இயங்கினும் இடையிடையே வலுக் குன்றும் கணங்கள் உள. அக்கணங்களைக் கடத்திவிடுவது சில்லிற் சேமிக்கப்பட்ட சக்தியே.

இச்சில்லைக் கடைந்து இலேசாக்கினால் கார் விரையும் என்பது வேகப்பித்துக் கொண்டோரின் நெடுநாள் நம்பிக்கை. அது முற்றிலும் பொய்யன்று. ஆயின் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பவர், அது எவ்விடத்திற் குறைந்தது என்று கேட்பதில்லை. அச்சிலிருந்து இருமடங்கு தொலைவிலுள்ள ஒரு கிலோ நான்கு மடங்கு சடத்துவத் திருப்பத்தைத் தரும். விளிம்பில் எடுத்த சிறிதளவு இரும்பு, நடுவில் எடுத்த பெரும் பகுதியினும் பயன் தரும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 8 கிலோ நிறையுள்ள சில்லொன்றின் சடத்துவத் திருப்பம் ஏறத்தாழ 0.1 அலகு (கிலோகிராம் சதுர மீற்றர்) எனக் கொள்வோம். காரின் சில்லுகளின் ஆரை 30 சென்ரிமீற்றர். முதற் கியரில் எஞ்சின் 14 முறை சுழல, அச்சில்லுகள் ஒருமுறை சுழல்கின்றன. அந்நிலையில் பறப்புச்சில்லு காரின் மீது 218 கிலோ சுமையை ஏற்றியது போலாகும். விகிதம் 4 ஆகும் மேற்கியரிலோ அச்சுமை 18 கிலோ மாத்திரமே. எனவே சில்லை இலேசாக்குவதன் இலாபம் புறப்படும் வேளையிற் பெரிது; நெடுஞ்சாலையில் அற்பம்.

டர்போ பூட்டிய காரில் இவ்விலாபமும் ஐயத்துக்கு உரியதாகின்றது. ஏனெனில் அங்கே இரண்டாவது சில்லொன்று உண்டு. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905 இல் காப்புரிமை கோரிய கருத்தின் வழிவந்தது அது. எஞ்சின் கழித்துவிடும் புகைவாயு ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள அமுக்கி காற்றை நெருக்கி உருளைகளுள் செலுத்தும். உள்ளங்கையளவான இச்சுழலி நிமிடத்துக்கு இலட்சம் முறைக்கு மேற் சுழல்வது. அவ்வேகத்தை எட்டும்வரை சாரதி காத்திருத்தல் வேண்டும். 1973 இல் வெளிவந்த பீ.எம்.டபிள்யூ. 2002 டர்போவிலும், 1975 இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவிலும் எஞ்சின் வெடித்தட்டலைத் தவிர்ப்பதற்காக அமுக்க விகிதம் 7 இனும் குறைவாக வைக்கப்பட்டது. ஆகவே சுழலி விழித்தெழும் வரை அவ்வெஞ்சின்கள் சோர்ந்தே கிடந்தன. விழித்தெழுந்ததும் வலு ஒருங்கே பாய்ந்தது. வளைவொன்றின் நடுவே அது நிகழுமாயின் சாரதியின் நிலை என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சோர்வுக் கணத்திலேயே பறப்புச்சில்லின் பாரம் கைகொடுக்கின்றது. மேற்கூறிய 8 கிலோச் சில்லு நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது அதிலுள்ள சக்தி, ஒரு தொன் நிறையுள்ள கார் மணிக்கு 11 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது உடைய சக்திக்கு ஏறக்குறைய நிகராகும். கிளச்சு பற்றும்போது அதில் ஒரு பகுதியே காருக்குக் கிட்டுமெனினும், டர்போ இன்னும் உறங்கும் வேளையில் அதுவும் பெரிய உதவியே. கியர் மாற்றும்போதும் இவ்வாறே. இலேசான சில்லுடைய எஞ்சின், முடுக்கியை விட்டவுடன் வேகம் இழக்கும். கைதேர்ந்த சாரதி அதனால் விரைந்து மாற்றுவான். சற்றே தாமதிப்பவனோ டர்போ உறங்கும் எல்லைக்குள் மீண்டும் வீழ்வான். முதற் கியரில் இன்னொரு முரணும் உண்டு. எஞ்சின் தடையின்றி மேலேறி விடுவதால், சுழலி வேகம் பெறுமுன்பே அக்கியரின் எல்லை முடிந்துவிடுகின்றது.

இலேசாக்க வேண்டிய சில்லு வேறு என்பதை ரெனோ நிறுவனத்தார் பந்தயத் திடலிற் கற்றனர். 1977 இல் சில்வர்ஸ்டோனில் அவர்களது 1.5 லீற்றர் டர்போக் கார் முதன்முதல் ஃபோர்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. அடிக்கடி புகை கக்கி நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று ஏளனம் செய்யப்பட்டது. இரு வருடங்களின் பின் ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரு சிறிய டர்போக்களைப் பூட்டினர். ஒரே வடிவமும் உலோகமும் உடைய சக்கரத்தின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதன் சடத்துவத் திருப்பம் முப்பத்திரண்டில் ஒன்றாகிவிடும் என்பதை எண்ணினால் இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும். 1979 இல் டிஜோனில் நடைபெற்ற பிரெஞ்சுப் பந்தயத்தில் ஜீன்-பியர் ஜபூயி அக்காரை வெற்றிக்கு ஓட்டினார். டர்போக் காருக்குக் கிட்டிய முதல் ஃபோர்முலா 1 வெற்றி அது.

ஆயினும் உள்ளங்கைச் சுழலியை எவரும் பட்டறையிற் கடைய முடியாது, பறப்புச்சில்லைக் கடையலாம். ஆசை அதன் மீது பாய்வதற்கு இந்த எளிமையே காரணம் போலும். பழைய சில்லுகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானவை. அமுக்கத்தைத் தாங்கும் வார்ப்பிரும்பு இழுவையைத் தாங்குவதில் வலிது குறைந்தது. சுழற்சி வேகம் இருமடங்கானால் சில்லினுள் எழும் இழுவிசை நான்கு மடங்காகும். கிளச்சின் சூட்டினால் மயிரிழை வெடிப்புகள் ஏற்கெனவே படர்ந்திருக்கவும் கூடும். அத்தகைய சில்லை மெலியக் கடைந்து, டர்போவின் வலுவையும் அதன்மீது ஏற்றி, நிமிடத்துக்கு 6000 சுழற்சிக்கு மேல் ஓட்டுபவன் தன் உயிரையே பணயம் வைக்கின்றான். எஞ்சின் முன்னே நெடுக்காக அமைந்த கார்களில் அச்சில்லு சாரதியின் பாதங்களுக்கு மிக அண்மையிலேயே சுழல்கின்றது.