கடை இருக்கிறது, கடைக்காரர் எங்கே?



எங்கள் கூனிமேட்டையடுத்த மரக்காணக் கரையில் விளைவது உப்பு. மிளகும் கிராம்பும் எங்கள் வீட்டிற்குப் பினாங்கிலிருந்து வந்தன. என் பாட்டனார் அங்கே ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில், வாசனைச் சரக்குக் கடையொன்றில் கணக்கெழுதியவர். சபர் முடிந்து திரும்பி அவர் பெட்டியைத் திறந்ததும் வீடெங்கும் சாதிக்காய் மணக்கும் என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் அழைப்பின்பேரில் பினாங்கு சென்றபோது அந்தக் கடையைத் தேடிச் சென்றேன். கட்டடம் இருந்தது. ஓடும் மரச் சன்னல்களும் அழகுறச் செப்பனிடப்பட்டிருந்தன. ஆனால், இப்போது அது பயணிகள் தங்கும் விடுதி. வாசலில் காப்பி மணந்தது, மிளகு மணக்கவில்லை.

1786இல் ஆங்கிலேயர் அத்தீவில் துறைமுகம் அமைத்ததும் நம் கடற்கரை முஸ்லிம்கள் திரளாகச் சென்று வணிகம் செய்தனர். அச்சே நாட்டு மிளகு அத்துறை வழியே உலகெங்கும் சென்றது. அவர்களின் தலைவர் காதிர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமை நகராக அறிவித்தது.

அப்படியிருந்தும் பழைய கடைக்காரர்கள் பலர் ஏன் வெளியேறினர்? பழங்கட்டடங்களின் வாடகையை மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. 1997இல் அதை நீக்க முடிவாகி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முடிவுற்றது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். பின்னர் வந்த மரபுரிமைப் பட்டம் சுவர்களைக் காத்தது. போனவர்களைத் திருப்பி அழைத்துவரவில்லை. லிட்டில் இந்தியா வீதிகளில் இன்றும் மசாலாக் கடைகள் இருப்பது ஓர் ஆறுதல்.

அங்கே நின்றபோது என் நெஞ்சம் குறுகுறுத்தது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் விட்டுச்சென்ற சிறு கடை ஒன்று ஊரில் இருக்கிறது. முதியவர் ஒருவர் நெடுங்காலமாக அதில் மளிகை வியாபாரம் செய்கிறார். வாடகையை மும்மடங்காக்க என் சகோதரர்கள் முடிவெடுத்தபோது நானும் தலையசைத்திருந்தேன். அவரால் அதைக் கொடுக்க இயலாது என்பதை அறிந்தேதான் அசைத்தேன்.

ஊர் திரும்பியதும் என் சம்மதத்தைத் திரும்பப் பெற்றேன். தம்பிக்கு இன்னும் வருத்தம்தான். முதியவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்.

உங்கள் குடும்பத்திற்கோ, உங்கள் ஜமாஅத்தின் வக்ஃபிற்கோ பழங்கடைகள் இருக்கலாம். நியாயமான வாடகை பெறுவது உரிமையே. ஆயினும், அதை உயர்த்தக் கையொப்பமிடும் முன், கடைக்குள் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவரை எப்போது வேண்டுமானாலும் செப்பனிடலாம். கலைந்துபோன கடைத்தெருவை மீண்டும் கூட்டுவது எளிதன்று.