நிழல் மறையும் நண்பகல்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலை நம்முடனேயே வருகிறது. பஞ்சாலைகளைக் கடந்து ஏறத்தாழ 12 கி.மீ. சென்றால், ஓங்கிய கோபுரமும் பால்கோவாக் கடைகளும் எதிர்கொள்கின்றன.

இவ்வூர்களுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 14, ஆகஸ்ட் 28 ஆகிய நாட்களை ஒட்டி, கதிரவன் நேர் உச்சிக்கு வருவதால், நண்பகலில் நட்ட கோலின் நிழல் மறைந்துவிடுகிறது. லுஹர், அஸர் நேரங்களை நிழல்கொண்டு கணித்த சமுதாயத்திற்கு நிழலின் அருமை தெரியாததன்று.

அதே நண்பகலில், ஏறக்குறைய நேர் வடக்கே 390 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் 1 மீட்டர் கோலுக்கு 6 செ.மீ. நிழல் விழும், அது மூன்றரைப் பாகைச் சாய்வு. மூன்றரைப் பாகைக்கு 390 கி.மீ. எனில், 360 பாகைக்கு ஏறத்தாழ 40,000 கி.மீ. பூமியின் சுற்றளவு அதுவே!

அடுத்தடுத்த இவ்விரு ஊர்களும் தமக்குள் ஒப்பிட்டால் வேறுபாடு 1 மில்லிமீட்டர் அளவே. எனவே தொலைதூரத் தோழர் தேவை. கலீஃபா மஅமூன் (ஆட்சி 813–833) காலத்தில் ஸின்ஜார் சமவெளியில் ஒரு குழு வடக்கேயும் மற்றொன்று தெற்கேயும் சென்றே ஒரு பாகையின் நீளத்தை அளந்தன. இன்று பல நாட்டு மாணவர்கள், பகலும் இரவும் சமமாகும் நாட்களில் நிழலை அளந்து, கணக்கைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

இம்முயற்சிக்குக் கோலும் அளவுநாடாவும் போதும். பெருநகரப் பள்ளியிடம் கற்க மட்டுமே சிற்றூர்ப் பிள்ளைகள் பிறந்தவர்களல்லர். இவர்கள் அளந்து சொன்னாலன்றி அவர்கள் கணக்கும் நிறைவுறாது. நம் பிள்ளைகளின் ஆசிரியர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!