சிறைப்பட்டு உயிர்பிழைத்த படம்

கலைப்பொருளொன்று அழிவதும் நிலைப்பதும் எதனால் என யாம் பலகாற் சிந்தித்ததுண்டு. அப்போதெல்லாம் எம் நினைவுக்கு வருவது ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மௌனப் படத்தின் வரலாறாகும்.

சி. வி. ராமன்பிள்ளை 1891 ஆம் ஆண்டில் வெளியிட்ட மலையாள நாவலைத் தழுவியது அப்படம். அந்நாளிலே திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் வாழ்ந்த ஆர். சுந்தர்ராஜ் பெரும்பொருள் செலவிட்டு அதனைத் தயாரித்தார், பி. வி. ராவ் நெறிப்படுத்தினார். 1933 இல் அது திருவனந்தபுரத்திலே திரையிடப்பட்டதும், நாவலின் பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தகசாலையார் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்ற ஆணையாற் படம் பறிமுதலாயிற்று.

நூலுக்குரியோர் தம் உரிமையைக் கேட்டது நீதியே. ஆயினும் விதியின் விளையாட்டைப் பாருங்கள்! இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. ஊரூராய் ஓடிப் புகழீட்டிய அவற்றுட் பெரும்பாலன தேய்ந்தும் தீய்ந்தும் மறைந்தன. ஓடாது முடங்கிய இப்படமோ 1974 இல் பூனாவிலுள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. வழக்காளர் பூட்டிய பூட்டே அதற்குக் காவலாயிற்று.

நம் கல்லூரி மேடையில் நடந்த நாடகங்கள் எத்தனை! கையெழுத்துப் பிரதியேனும் நிழற்படமேனும் எஞ்சியவை எத்தனை? அவற்றைப் பூட்டிவைக்க நமக்கு வழக்காளருமிலர். ஆதலாற் பழைய மாணவர்கள் தத்தம் பெட்டகங்களிற் கிடப்பனவற்றைத் தேடியெடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு இன்றே அளிப்பார்களாக.