ஜிப்ஸி வேணும்ப்பா!

"டீசல்ல போட்டு ஓடுற ஊர்ல எவம்ல பெட்ரோல் ஜீப் வாங்குவான்?"

வண்டி வாங்கப் போறோம்னு சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது. அப்பா ஒண்ணும் சொல்லாம வலையைத் தட்டிக்கிட்டே இருந்தார். நான் மட்டும் உள்ளுக்குள்ள குதிச்சிக்கிட்டு இருந்தேன். பின்னே... பத்தாங்கிளாஸ்ல இருந்து நோட்டு அட்டை உள்பக்கம் பூரா நான் ஒட்டி வச்சிருந்தது மாருதி ஜிப்ஸி படம்தானே!

எங்க ஊர் தருவைகுளம். தூத்துக்குடியில பஸ் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே வந்தா ரெண்டு பக்கமும் உப்பு அம்பாரம் அம்பாரமா குவிஞ்சிருக்கும். அப்புறம் மீன் வாசம் வரும். கண்டக்டர் சொல்லவே வேண்டாம், மூக்கே சொல்லிடும், இறங்குடான்னு! அந்தக் காலத்துல தூத்துக்குடி கடல்ல முத்துக் குளிச்சாங்க, கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சு போச்சு. அந்தக் கதையைத் தாத்தா சொல்லக் கேட்டதோட சரி. எங்களுக்கு மீன்தான்.

அப்பாகிட்ட இருக்கிறது ஒரு ஃபைபர் படகு, வெளியில மாட்டுற இன்ஜின். வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. பெரிய போட்டெல்லாம் கரையில கிடக்கிறப்போ சின்னப் படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். போன தடைக்காலத்துல பாடு நல்லா இருந்துச்சு. அம்மா சீட்டையும் எடுத்தாங்க. மொத்தம் மூணு லட்சம். 'வீட்டுக்கு ஒரு வண்டி, கரைக்கும் அதே வண்டி' - இது அப்பாவோட கண்டிஷன். ஆச்சியை மாசா மாசம் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். காலையில வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாத்தையும் ஒரு குட்டி டிரெய்லர்ல ஏத்தி மணல்ல இழுக்கணும். ஈர வலையோட சேர்த்துப் பார்த்தா நானூறு கிலோ கிட்ட வரும். லோடு ஆட்டோ மணல்ல இறங்காது. டிராக்டரைத் தினமும் வாடகைக்குக் கூப்பிட்டா மீன் வித்த காசு டிராக்டருக்கே போயிடும்.

இந்த மூணு லட்சம் போச்சுன்னா அடுத்த தடைக்காலம் வரைக்கும் வண்டிப் பேச்சே கிடையாது. அதோட, அக்கா கல்யாணம் வேற வரிசையில நிக்குது.

சித்தப்பா கேட்டதுக்குப் பதில் இல்லாம இல்லை. இழுவைக்கு டீசல்தான் ராஜா, ஒத்துக்கிறேன். ஆனா எங்க விலைக்குக் கிடைக்கிற பழைய டீசல் ஜீப்ல பம்ப்பும் நாசிலும் படுத்துக்கிட்டா செலவு எகிறிடும். எங்க வண்டி ஒரு நாளைக்கு ஓடப்போறது ஆறேழு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு டீசல்ல மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையா கட்டப் போறோம்? நான் பி.காம். படிக்கிறவன், கணக்குப் போட்டுக் காட்டினேன். சித்தப்பா கணக்கைப் பார்க்கலை, என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் வேட்டையிலயே ஜிப்ஸி கிடைச்சிடுச்சு! புரோக்கர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார். கரும்பச்சை பெயின்ட், கொழுத்த டயர், முன்னாடி நாலு மஞ்சள் லைட்டு. நான் அப்படியே விழுந்துட்டேன் பாஸ். இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருதுன்னு புரோக்கர் சொன்னதும், அப்பாவைக் கேட்காமலே பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த காசு.

மறுநாள் அப்பா தூத்துக்குடியில இருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தார். அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. பாக்கெட்ல இருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டினது. கதவுல வச்சார், ஒட்டுச்சு. கதவுக்குக் கீழே வச்சார், பொத்துன்னு விழுந்துச்சு. "உள்ள தகரம் இல்லைல தம்பி, பூரா பட்டி" அப்படின்னார். தகரம் துருப்பிடிச்சுப் போன இடத்துல எல்லாம் பட்டி பூசி மேல பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அப்புறம் வண்டிக்கு அடியில படுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால சேஸிஸைத் தட்டிக்கிட்டே வந்தார். டங்... டங்... டங்... பொத்! கமான் பட்டை மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல ஸ்க்ரூ டிரைவர் உள்ளேயே போயிடுச்சு.

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. அண்ணாச்சி மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்து சொன்னதை நான் அப்படியே மனசுல எழுதி வச்சிருக்கேன். இன்ஜின் போனா இன்ஜின் மாத்தலாம். கியர் பாக்ஸ் போனா கியர் பாக்ஸ் வாங்கலாம். இந்த மாதிரி வண்டிக்கு சேஸிஸ்தான் முதுகெலும்பு. அதுல உப்பு ஏறிட்டா பின்னாடி கொக்கி மாட்டி இழுக்கிற இழுவையெல்லாம் அந்த ஓட்டை இரும்பு மேலதான் விழும். நம்ம ஊர்ல உப்பு காத்துலயும் இருக்கு, மண்ணுலயும் இருக்கு. அதனால கடற்கரையில ஓடின வண்டியைக் கடற்கரைக்காரன் வாங்கக் கூடாது, உள்நாட்டுல ஓடினதா பார்த்து வாங்கணும்.

அட்வான்ஸ்? திரும்பி வரலை. புரோக்கர் போனையே எடுக்கலை. அப்பா என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியலை. ரெண்டு நாள் சாப்பாட்டுல உப்பு உறைக்கலை எனக்கு.

அடுத்து ஃப்ரெண்டோட மாமா ஒரு பெட்ரோல் எஸ்.யு.வி. தர்றேன்னார். பேர் வேண்டாம், டவுன்ல ஓடுற நல்ல வண்டிதான். ஏ.சி., பவர் ஸ்டியரிங், பாட்டு, எல்லாம் இருக்கு. அக்காவும் அம்மாவும் உடனே ஓகே! அப்பா மட்டும், "மணல்ல ஒரு தடவ இறக்கிப் பாப்பமே"ன்னார். டிரெய்லரை மாட்டி இழுத்தா முன் சக்கரம் ரெண்டும் சர்ருன்னு சுத்தி மணலைத் தோண்டிக்கிட்டு உட்கார்ந்திடுச்சு. தள்ளுறதுக்கு எட்டு பேர் வந்தாங்க. இங்கேதான் நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். பார்க்க உசரமா, ஜீப் மாதிரி இருக்கிற வண்டியில பாதிக்கு முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பின்னாடி டிரெய்லர் மாட்டினா அதோட பாரம் வண்டியோட பின்பக்கத்தை அமுக்கும், முன்பக்கம் லேசாகும். இழுக்க வேண்டிய சக்கரமே லேசானா எப்படிப் பிடிக்கும்? ரோட்டுல பிரச்னை இல்லை. மணல்ல, மேட்டுல, சகதியில கைவிட்டுடும்.

திரும்பவும் ஜிப்ஸி! இந்தத் தடவை நான் அடக்கிதான் வாசிச்சேன்.

ஜிப்ஸி பத்தி ரெண்டு வார்த்தை (ரெண்டுதான், சத்தியமா). 1985 கடைசியில இந்தியாவுக்கு வந்துச்சு. ஜப்பான்ல சுசுகி செய்த ஜிம்னியோட கொஞ்சம் நீளமான அண்ணன். முதல்ல ஒரு லிட்டருக்கும் குறைஞ்ச 970 சிசி இன்ஜின். 1996-ல ஜிப்ஸி கிங்னு 1,298 சிசி வந்துச்சு. 2000 வாக்குல கார்புரேட்டர் போயி எம்.பி.எஃப்.ஐ. வந்ததும் 80 குதிரைசக்தி. 2019-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ராணுவத்துல, போலீஸ்ல, காட்டிலாகாவுல ஓடினதெல்லாம் இதுதான். ஒரு டன்னுக்குப் பக்கத்துலதான் எடை, அதான் மணல்ல புதையாது. குறை? பவர் ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி ஏ.சி. கிடையாது. நாலு பக்கமும் கமான் பட்டை, பள்ளத்துல இறங்கினா முதுகு எண்ணும். மைலேஜைப் பத்தி வீட்ல பேசாதீங்க. புது ஜிம்னி 2023-ல வந்துச்சே, அதை வாங்கலாமேன்னு கேட்டான் ஒரு மச்சான். 12 லட்சம் நீ தர்றியாடான்னேன்.

இழுவைன்னு வந்தா இன்னொரு சங்கதி. இந்த இன்ஜினோட முழு இழுவை வர்றதே 4,500 சுத்துக்குப் பக்கத்துல. அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிச்சு உறும விட்டாதான் இழுக்கும். அப்போ மெதுவா இழுக்கிற மணல்ல என்ன பண்றது? அதுக்குத்தான் பக்கத்துல ரெண்டாவது குட்டி கியர் கம்பி. அதை 'ஃபோர் வீல் லோ'வுல போட்டா இன்ஜின் வேகமா சுத்தும், சக்கரம் மெதுவா சுத்தும், நாலு சக்கரமும் இழுக்கும். சின்ன இன்ஜினே பெரிய வேலை பார்க்கும். ஆனா அதைத் தார் ரோட்டுல போட்டு ஓட்டக் கூடாது. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போகாது. மணல்ல அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிடும், தார்ல வழுக்க முடியாம ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கும்.

கோவில்பட்டிக்கு மேற்கே, கடல் காத்தே படாத கரிசல் ஊர்ல கடைசியா ஒண்ணு சிக்குச்சு. 2006 மாடல். பெயின்ட் வெளிறிக் கிடந்துச்சு, சீட்டு கிழிஞ்சிருந்துச்சு. நான் முகத்தைச் சுளிச்சேன். அண்ணாச்சி காந்தத்தை வச்சார், ஒட்டுச்சு. எங்கே வச்சாலும் ஒட்டுச்சு. அடியில தட்டினார். டங் டங் டங்... கடைசி வரைக்கும் டங்! மேட்டை மிதிச்சு மூணாவது கியர்ல ஏத்தச் சொல்லி கிளட்ச் நழுவுதான்னு பார்த்தார். ரெண்டாவது கம்பியை எல்லா இடத்துலயும் போட்டு எடுத்துப் பார்த்தார். பெட்ரோல் குழாய் எல்லாத்தையும் புதுசா மாத்தச் சொன்னார். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை மெதுவா பதம் பார்க்குமாம்.

பேப்பர்தான் என் டிபார்ட்மென்ட். ஆர்.சி.-யில லோன் ரத்தாகியிருக்கா, சேஸிஸ் நம்பரும் புக்கும் ஒண்ணா, எஃப்.சி. எப்போ முடியுதுன்னு உட்கார்ந்து பார்த்தேன். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அதுக்குக் கட்டணம் 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினா 10,000-னு 2025-ல ஏத்திட்டாங்க. பசுமை வரி தனி. 'மலிவு விலை'யில பழைய ஜிப்ஸின்னு குதிக்கிறவங்க இதையெல்லாம் கூட்டிக்கிட்டு அப்புறம் குதிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்தேன். தலையை ஆட்டினார். ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடிஞ்சுச்சு.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டிதான், அதுக்கும் பதிவு வேணும்ங்கிறது எங்க யாருக்கும் தெரியாது. லேத்துல அடிச்சுக்கிட்டா போதும்னு நினைச்சோம். இப்போ அதுக்குப் பேப்பர் போட்டிருக்கோம், வர்ற வரைக்கும் அது கரையை விட்டு ரோட்டுக்கு வராது. பாரம் ஏத்தறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல இறங்கணும். ஐஸ் பெட்டியைப் பின்னாடி வச்சு ஒரு நாள் இழுத்தேன், டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிஞ்சு ஆட ஆரம்பிச்சிடுச்சு. அதுல இருந்து ஐஸ் பெட்டி முன்னாடி, வலை நடுவுல.

ஓட்டுறது எல்லாம் நான்தான்னு கெத்தா திரிஞ்சேன், ரிவர்ஸ் எடுக்கிற வரைக்கும். டிரெய்லரோட ரிவர்ஸ் எடுத்திருக்கீங்களா? ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிச்சா டிரெய்லர் இடப்பக்கம் போகுது. சரி பண்றேன்னு ஒடிச்சா கத்திரிக்கோல் மாதிரி மடங்கிக்கிது. கரையில இருந்த மொத்தப் பேரும் வேடிக்கை. சித்தப்பா விசிலே அடிச்சார். அரை மணி நேரம் போராடிட்டு, வேர்த்து விறுவிறுத்து இறங்கிட்டேன்.

அப்பா கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறினார். அவருக்கு லைசென்ஸ் கைக்கு வந்து ரெண்டு மாசம்தான். பின்னாடி திரும்பிப் பார்த்தார். ஒரு கை ஸ்டியரிங்ல. மெதுவா, ஒரே மூச்சுல, டிரெய்லரைப் படகோட பக்கவாட்டுல ஒட்டினாப்புல கொண்டுபோய் நிறுத்தினார்.

"எப்படிப்பா?"

"முப்பது வருஷமா இன்ஜின் புடியை இந்தப் பக்கம் தள்ளுனா படகு அந்தப் பக்கம் போகுது. இது என்னல பெரிய இது..." அப்படின்னுட்டு இறங்கி, தண்ணி வாளியை எடுத்து என் கையில கொடுத்தார். சாயங்காலம் கடல் மணல்ல இறங்கின வண்டியை ராத்திரிக்குள்ள நல்ல தண்ணியில அடிப்பாகம் வரைக்கும் கழுவி விடணும். அது அண்ணாச்சி போட்ட சட்டம்.

அந்த வேலை மட்டும் இப்போ நிரந்தரமா என்னுது.